கர்நாடகம் என்ற பெயரில் ஒருவர்

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஒருவரைக் கர்நாடகம் என்று சொன்னால் அது சங்கீதத்தைப் பற்றிய பேச்சு அன்று. குடுமி வைத்தவர், புதுமையை ஏற்காதவர், பாட்டன் காலத்து வழக்கத்தை விடாதவர் என்பதுதான் அதன் பொருள். சுத்தக் கர்நாடகம் என்று வீட்டுப் பெரியவர்களை இளையவர்கள் கேலி செய்வார்கள். ஜுஜுவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் வருகின்ற ஓசூர்க்காரர்களுக்கு அச்சொல் இன்று அண்டை மாநிலத்தின் பெயர். 1973வரை மைசூர் என்று வழங்கிய மாநிலத்தின் பெயர். ஆனந்த விகடனில் இசை, நடன விமர்சனம் எழுதத் தொடங்கிய ஓர் இளைஞர் தமக்கென்று தேர்ந்துகொண்ட புனைபெயரும் அதுவே. பழமையைப் பெயரில் சூட்டிக்கொண்டு பழமையைச் சீண்ட வந்தவர் அவர். ரா. கிருஷ்ணமூர்த்தி என்பது இயற்பெயர். கல்கி என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

பொன்னியின் செல்வனின் ஆசிரியர் என்ற புகழ் பெரியது. அந்த நிழலில் இசை விமர்சகர் கல்கி ஏறக்குறைய மறைந்துபோனார். ஆயினும் பத்திரிகை என்னும் கருவியைக் கொண்டு ஒரு கலையின் மேடை வழக்கத்தையே கேள்விக்கு உள்ளாக்க முடியும் என்று தமிழில் முதன்முதலாகப் பெரிய அளவில் காட்டியவர் அந்தக் கர்நாடகம்தான்.

அவர் 1899 செப்டம்பர் 9ஆம் நாள் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்குப்பிள்ளை. வசதியான குடும்பம் அன்று. ஆனால் காவிரிக்கரைச் சிற்றூர்களுக்குப் பாட்டு என்பது வசதி பார்த்து வருவதில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம் அந்தப் பக்கத்து ஊர். கதாகாலட்சேபமும் நாகசுரமும் பஜனையும் கோயில் திருவிழாவும் காதில் விழாமல் ஒரு சிறுவன் அங்கே வளர்ந்திருக்க முடியாது. அந்த மேடைகளில் பாகவதர் பாட்டைத் தமிழில் பாடினார். கேட்டவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். பாட்டின் சொல் கேட்பவனுக்குப் புரியவேண்டும் என்ற பிடிவாதம் பிற்காலத்தில் கல்கியிடம் கொள்கையாக உருவெடுத்தது. அதன் வேர் அந்தத் திண்ணைகளில் இருந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

திருச்சிராப்பள்ளியில் பள்ளியிறுதித் தேர்வை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்தார். 1922இல் ஓராண்டுச் சிறை. வெளியே வந்ததும் திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியர் பணி. அங்கே அவர் கற்ற பாடம் தமிழ் உரைநடையின் கம்பீரம். ஆனால் அந்த நடையை அவர் பின்பற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆசிரியரின் செந்தமிழ் நடையை நெருக்கத்தில் இருந்து பார்த்தவர், அதற்கு நேரெதிரான, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கின்ற, குறும்பு கலந்த ஒரு நடையைத் தமக்கென்று செய்துகொண்டார்.

1928இல் நவசக்தியை விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். அதை நிறுவியவர் ராஜாஜி, ஓசூர் வட்டத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். ஓசூரும் கிருஷ்ணகிரியும் திருச்செங்கோடும் அன்று ஒரே சேலம் மாவட்டம். மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய விமோசனம் என்ற சிற்றிதழைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கல்கியிடம் வந்தது. கள்ளுக்கடை வாசலில் நிற்கின்றவனுக்கும் அவன் வீட்டுப் பெண்ணுக்கும் எழுதவேண்டிய பத்திரிகை அது. அறிஞர்களுக்கு எழுதும்போது தவறினால் மறுப்பு வரும்; இவர்களுக்கு எழுதும்போது தவறினால் கேட்கவே ஆள் இருக்காது. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது மதுவிலக்கு முதலில் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதியின் கள்ளுக்கடைகள் அடைபட்டதில் ஒரு சிற்றிதழின் கதைகளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று ஆசைப்படலாம். அளந்து சொல்ல இயலாது.

எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கி நடத்தத் தொடங்கியிருந்தார். ஏட்டிக்குப் போட்டி என்ற நகைச்சுவைக் கட்டுரையின் மூலம் கல்கிக்கும் விகடனுக்கும் தொடர்பு ஏற்பட்டது. மீண்டும் ஒருமுறை சிறை சென்று திரும்பிய பின், 1930களின் தொடக்கத்தில், அவர் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார். அரசியல், சிறுகதை, தொடர்கதை, பயணம், நாடகம், சினிமா என்று அவர் கை வைக்காத துறை இல்லை. ஆடல் பாடல் என்ற தலைப்பின் கீழ்க் கர்நாடகம் எழுதியவை அவற்றுள் ஒன்று.

அந்தப் பகுதி வெளிவந்த நாளின் இசையுலகத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது ஓர் இசை மாநாடும் நடந்தது; அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. இராக லட்சணம் பற்றி வித்துவான்களும் அறிஞர்களும் காலையில் விவாதிப்பார்கள், மாலையில் கச்சேரி. அரண்மனையையும் கோயிலையும் விட்டு இசை டிக்கெட் வாங்கியவர்களின் மண்டபத்துக்கு வந்துவிட்டது. ஆனால் மேடையில் இருந்தவர்களின் மனம் முழுவதும் இடம் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஒரு பல்லவியை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் கணக்குகளைத் தொடுப்பது, பக்கவாத்தியக்காரரைத் தாளச் சிக்கலில் மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது, பாட்டின் சொற்களை எழுத்து எழுத்தாக உடைத்து உருத்தெரியாமல் செய்வது ஆகியவை வித்துவத்தின் அடையாளங்களாக எண்ணப்பட்டன. மேடைக்கு எதிரே அமர்ந்த பெரும்பாலோர் தலையை ஆட்டினார்கள். எதற்கு ஆட்டினோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தத் தலையாட்டலைத்தான் கர்நாடகம் எழுதினார். இராகத்தின் இலக்கணத்தை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் எழுதும்போது அந்த அறிவைக் காட்சிக்கு வைக்கவில்லை. மண்டபத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கும் சாதாரண ரசிகனின் இடத்திலிருந்து எழுதினார். ஒலிபெருக்கி இரைந்ததையும், பக்கத்து நாற்காலிக்காரரின் கொட்டாவியையும், ஒரு நல்ல ஆலாபனை தொடங்கியதும் கொட்டாவி நின்றுபோன அதிசயத்தையும் சேர்த்தே எழுதினார். கச்சேரி விமர்சனத்தைக் கச்சேரிக்குப் போகாதவர்கள் படித்தார்கள். இது சிறிய காரியம் அன்று. நகரத்துச் சபாவை ஒருநாளும் கண்டிராத ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரோ தபால் ஊழியரோ, அரியக்குடி என்றும் முசிரி என்றும் மகாராஜபுரம் என்றும் வீட்டு மனிதர்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசக் கற்றது இத்தகைய எழுத்தினால்தான்.

நீளத்தைக் குறைத்த பெருமை விமர்சகர்களுக்கு மட்டும் உரியதன்று. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் ஏற்கெனவே மேடையில் அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கிருதிகள் சிலவற்றைப் பாடி, ஒன்றிரண்டு இராகங்களை விரித்து, இறுதியில் சில்லறை உருப்படிகளோடு முடிக்கின்ற இன்றைய கச்சேரி அமைப்பு அவர் நிலைநாட்டியது. அளவறிந்து பாடுவது கலைக்குக் குறைவு ஆகாது என்று அவர் பாடிக் காட்டினார். கர்நாடகத்துக்கு வேண்டியது அதற்கும் மேலான ஒன்று. அளவு குறைந்தது சரி. பொருள் எங்கே என்பது அவர் கேள்வி. தமிழ்ப்பாட்டு அந்தச் சில்லறைப் பகுதியில், ரசிகர்கள் குடையையும் செருப்பையும் தேடத் தொடங்கிய நேரத்தில், துக்கடா என்ற பெயரில் வந்து நின்றது. தமிழ்நாட்டில், தமிழர் பணம் கொடுத்துக் கேட்கின்ற மண்டபத்தில், தமிழுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

உலகில் வேறோர் ஊரில், வேறொரு காலத்தில், இதே வழக்கு வேறு உடையில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் புரோகிரசிவ் ராக் என்ற இசை ஓங்கி நின்றது. யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்டு பாமர் முதலிய குழுக்கள் மேலைச் செவ்வியல் இசையின் விரிவை ராக் இசைக்குள் கொண்டுவர முயன்றன. யெஸ் குழு 1973இல் வெளியிட்ட ஓர் இரட்டை இசைத்தட்டில் மொத்தம் நான்கே உருப்படிகள்; தட்டின் ஒரு பக்கம் முழுவதற்கும் ஒன்று. நம்முடைய பல்லவி வித்துவான்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். 1976இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் முதலிய இளைஞர் குழுக்கள் மூன்று நிமிடத்தில் முடிகின்ற, கத்தலும் கோபமும் நிறைந்த பாட்டுகளோடு புறப்பட்டன. அதற்குப் பங்க் என்று பெயர். வாத்தியத்தில் கைதேர்ந்திருக்க வேண்டியதில்லை, சொல்லவேண்டியது இருந்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. மெலடி மேக்கர், நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ், சவுண்ட்ஸ் என்ற வார இதழ்கள் அந்தப் பூசலை ஊதி வளர்த்தன. அவ்விதழ்களும் போதாதென்று மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் 1976 ஜூலையில் ஸ்னிஃபின் க்ளூ என்ற பெயரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையைப் போன்ற இதழை நகலெடுத்து விற்கலானார்.

அந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகர் ஜான் லைடன், பிங்க் ஃபிளாய்டு குழுவை வெறுப்பதாக எழுதிய சட்டையை அணிந்து திரிந்தவர். அவரே 1977 ஜூலையில் லண்டன் வானொலி ஒன்றில் தமக்குப் பிடித்த இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டியபோது, பழைய கட்சியைச் சேர்ந்தவராக எண்ணப்பட்ட பீட்டர் ஹாமிலின் பாட்டுகளும் அதில் இடம்பெற்றன. பிங்க் ஃபிளாய்டைத் தாம் உண்மையில் வெறுத்ததில்லை என்றும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பத்திரிகைக்கு இரண்டு கட்சி வேண்டும், காதுக்கு வேண்டியதில்லை. கல்கியின் வழக்கிலும் இந்த உண்மை திரும்பத் திரும்பத் தலைகாட்டும். தியாகையரின் கீர்த்தனைகளில் மனம் கரைந்தவர் அவர். தெலுங்கைத் தள்ளவேண்டும் என்பது அவர் வாதமே அன்று.

1941ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் எல்லாம் ஒன்றாக வந்து மோதிய ஆண்டு. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்ள விரும்பி, விகடனைவிட்டு விலகிச் சிறை சென்றார். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தபோது கையில் வேலை இல்லை. நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்குவதென்று முடிவாயிற்று. அதற்குப் பணம் திரட்டுவதற்காகச் சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி படத்தில் நாரதராக ஆண் வேடம் பூண்டு நடித்தார். 1941 ஆகஸ்டு முதல் நாள் கல்கி வார இதழ் பிறந்தது. ஆசிரியருக்கு வயது நாற்பத்தொன்று.

இதழ் பிறந்து இரண்டு வாரம்கூட நிறையவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை வளர்ச்சிக்கென்று ஏற்கெனவே நிதி அளித்திருந்தார். கச்சேரிகளில் தமிழ்ப்பாட்டுக்கு முதலிடம் தரவேண்டும், பெரும்பகுதி தமிழாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கை மாநாட்டில் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மியூசிக் அகாதெமி மறுமொழி தந்தது. இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கம், மொழி பற்றிய எண்ணம் அத்தரத்தைக் குறைக்க இடம் கொடுக்கலாகாது என்ற கருத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. தமிழ் நுழைந்தால் தரம் தாழும் என்று தீர்மானத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அப்படித்தான் அது கேட்டது.

புதிய இதழுக்கு இதைவிடப் பொருத்தமான போர்க்களம் கிடைத்திருக்க முடியாது என்று சிலர் அன்றே குறை சொன்னார்கள். பத்திரிகை விற்பனைக்கும் கொள்கைக்கும் உள்ள உறவை மறைப்பதில் பயனில்லை. லண்டன் வார இதழ்களுக்கும் பங்க் இளைஞர்கள் நல்ல விற்பனைப் பொருளாகத்தான் இருந்தார்கள். ஆயினும் கல்கி இந்த வழக்கைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. விகடனில் பல ஆண்டுகள் எழுதிவந்ததன் தொடர்ச்சியே இது. ரசிகமணி டி.கே.சி. துணை நின்றார், ராஜாஜியின் ஆதரவும், ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாதத்திறமையும் சேர்ந்தன. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றி, டிசம்பரில் தனக்கென்று ஓர் இசைவிழாவையும் நடத்தியது. ஒரே நகரில், ஒரே மாதத்தில், இரண்டு மேடைகள்.

எதிர்க்கட்சியின் வாதங்கள் முற்றிலும் பொருளற்றவை அல்ல. தமிழில் கனமான உருப்படிகள் போதிய அளவு இல்லை என்றார்கள். முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் பாடிவைத்தவற்றைப் பாடாமலேயே வைத்துவிட்டு உருப்படி இல்லை என்பது என்ன நியாயம் என்று கல்கி கேட்டார். இசைக்கு மொழி தேவையில்லை என்றார்கள். அப்படியானால் தமிழில் பாடுவதற்கு மட்டும் ஏன் தடை என்பது அவர் விடை. இந்த இரண்டாவது விடைக்கு இன்றுவரை நேரான பதில் வந்ததாகத் தெரியவில்லை. அவருடைய இசைக் கட்டுரைகள் சங்கீத யோகம் என்ற நூலில் தொகுக்கப்பெற்றுள்ளன. கோபம் மிகுந்த இடங்களில்கூட நகைச்சுவை கைவிட்டுப் போகாததை அதில் காணலாம்.

ஓசூரில் இருந்துகொண்டு இந்த வழக்கைப் படிக்கும்போது ஒரு சிக்கல் எழுகின்றது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. தஞ்சையில் தெலுங்கு, நாயக்க, மராட்டிய அரசவைகளின் வழியே கச்சேரிக்கு வந்த மொழி. கேட்பவர்களில் பலருக்கு அது புரியாத மொழி. ஓசூர் வட்டத்தில் அப்படியன்று. இங்கே தெலுங்கு வீட்டு முற்றத்தில் பேசுகின்ற மொழி. கன்னடம் சந்தையில் கேட்கின்ற மொழி. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. வீடுகளில் மொழிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்தன. நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வேலைதேடி வந்தவர்கள் தங்கள் தமிழைக் கொண்டுவந்தார்கள். புரிகின்ற மொழியில் பாடு என்ற கல்கியின் கோரிக்கையை இந்த ஊரில் அப்படியே வைத்தால், எவருக்குப் புரிகின்ற மொழி என்ற கேள்வி உடனே எழும். தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரிலும் பெங்களூரிலும் படித்த ராஜாஜிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. காவிரிக்கரைக்காரரான கல்கி இதைப் பெரிதாக எண்ணவில்லை. அவர் கண்முன் இருந்த ரசிகன் தமிழ் மட்டும் அறிந்தவன். கோரிக்கையின் உயிர் மொழியின் பெயரில் இல்லை, கேட்பவன் பாட்டுக்கு வெளியே நிறுத்தப்படலாகாது என்பதில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், எல்லைப்புறத்துக்கும் அது பொருந்திவிடும். அப்படி எடுத்துக்கொள்வதற்கு அவர் எழுத்திலேயே இடமும் உண்டு.

இனி, பாராட்டில் நின்றுவிடாமல் ஒரு குறையையும் பதிவு செய்யவேண்டும். எம். எஸ். சுப்புலட்சுமியின் கணவர் கல்கி இதழின் பங்காளி. இதழின் முதலீட்டில் அந்தப் பாடகியின் உழைப்பு கலந்திருந்தது. 1945இல் வெளிவந்த மீரா படத்துக்குக் கல்கி பாடல்கள் எழுதினார். காற்றினிலே வரும் கீதம் அவற்றுள் ஒன்று. அவர் மகள் ஆனந்தியும் சதாசிவத்தின் மகள் ராதாவும் சேர்ந்து மேடையில் நடனமாடினார்கள். இத்தனை நெருக்கத்துக்குப் பிறகு எம். எஸ். பற்றிக் கல்கி எழுதியவற்றை விமர்சனம் என்று அழைப்பது கடினம். அவை அன்பின் எழுத்துகள். லண்டனிலும் இதே கதைதான். பங்க் இசையை மெலடி மேக்கரில் முதலில் எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவரான கரோலின் கூன், 1978இல் கிளாஷ் குழுவின் நிர்வாகியாகவே ஆகிவிட்டார். ஒரு கலையின் பக்கம் நின்று போராடுகின்ற பத்திரிகையாளன் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதற்குக் கோடு கிழித்துத் தருவார் எவரும் இல்லை. எனினும் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு, சார்புநிலை பற்றிய இந்த விசாரணை எல்லாம் சற்று நேரம் மறந்துபோகும் என்பதும் உண்மை.

கவிஞர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி உண்டு. இசையில் கலகக்காரராக நின்ற அதே கல்கியை, இலக்கியத்தில் கலகக்காரர்கள் நிலைபெற்ற அதிகாரமாகப் பார்த்தார்கள். 1933இல் தோன்றிய மணிக்கொடியைச் சுற்றி நின்றவர்களுக்கு விகடன் என்பது பெருவணிகம். கல்கி அதன் கொடிமரம். பாரதி மகாகவியா என்ற விவாதம் 1930களின் நடுவில் மூண்டபோது, உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத் தயங்கிய கட்சியில் கல்கி நின்றார். வ.ரா. சீறினார். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய மறுப்புகள் கண்ணன் என் கவி என்ற நூலாயின. தமிழில் கவிதை விமர்சனத்துக்கு அந்தச் சிறு நூல் ஒரு தொடக்கம். கல்கியின் கதைகளில் பிறமொழித் தழுவல் இருப்பதாகப் புதுமைப்பித்தன் குற்றம் சாட்டியதும் எல்லோரும் அறிந்தது. ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்ற இதழுக்கும் சில நூறு பிரதிகளோடு மூச்சுத்திணறிய இதழுக்கும் நடந்த சண்டையில், காலம் சிற்றிதழின் பக்கம் பெரும்பாலும் தீர்ப்புக் கூறியது. பாட்டில் எளிமையைக் கேட்டவர் கதையில் எளிமையைக் கொடுத்தார். முதலாவதற்குப் புரட்சி என்றும் இரண்டாவதற்குச் சமரசம் என்றும் பெயர் வந்தது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

பாரதி விஷயத்தில் அவர் கட்சிகட்டிக்கொண்டு நின்றுவிடவில்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பத் தம் இதழின் வழியே நிதி திரட்டியவர் அவரே. பெருந்தொகை கொடுத்தவர்களைப் போலவே சில அணாக்களை அனுப்பிய எளியவர்களும் அதில் சேர்ந்தார்கள். 1947 அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். மகாகவி என்று எழுத மறுத்த கை மண்டபம் கட்டியது.

1944 முதல் 1946 வரை வெளிவந்த சிவகாமியின் சபதத்தை, ஆடல் பாடல் எழுதிய கர்நாடகத்தின் பெருநூல் என்று வாசிக்கலாம். அதன் நாயகி அரசி அல்லள், நடனமாடுகின்ற சிற்பியின் மகள். பகைவன் அவையில் ஆடவைக்கப்படும் அவமானமும், கலைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள பிணக்கும்தான் கதையின் நரம்பு. காஞ்சிக்கும் வாதாபிக்கும் இடையே படைகள் போய்வருகின்றன. வாதாபி இன்றைய கர்நாடகத்தின் பாதாமி. எல்லையைத் தாண்டிப் போனவள் திரும்பி வரும்போது அவளிடம் எஞ்சியது கலை ஒன்றே. புரியாத பாட்டின் மேல் பல ஆண்டுகள் கோபப்பட்ட ஒரு மனிதர், கலை எவருக்காக என்ற தம் கேள்வியை இங்கே வாதமாக்காமல் கதையாகவே விட்டுவிட்டார். விமர்சனங்களைவிட இது நீடித்திருப்பதில் வியப்பில்லை.

பின்னர் அலை ஓசை வந்தது. 1950இல் பொன்னியின் செல்வன் தொடங்கி 1954இல் முடிந்தது. வாரந்தோறும் கடைவாசலில் இதழுக்காகக் காத்துநின்ற தலைமுறையினர் அதைப் பற்றிப் பேசிப் பேசியே முதுமை எய்தினார்கள். அது விரிவாகப் பிறர் எழுதிய செய்தி.

தமிழிசைப் பூசல் எப்படி முடிந்தது என்று கேட்டால், முடியவில்லை, கரைந்தது என்றே சொல்லவேண்டும். எஸ்பிளனேடில் 1952இல் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. தமிழ்ப் பாட்டுகளை மேடையில் துணிந்து பாடிய எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 1968இலும், டி. கே. பட்டம்மாளுக்கு 1970இலும், அதே மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது எம். எஸ். பாடியவற்றுள் வடமொழிப் பாட்டும் உண்டு. பாபநாசம் சிவனின் கிருதிகள் கச்சேரியின் நடுவிடத்துக்கு வந்து சேர்ந்தன. எனினும் இன்றும் பல மேடைகளில் தமிழ் இறுதி அரைமணி நேரத்தில்தான் தாராளமாக வருகின்றது. லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் 1978 ஜனவரியிலேயே சிதறிவிட்டது. அவர்கள் புதைத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிய ஜெனிசிஸும் யெஸ்ஸும் 1980களில் உருமாறி மேலும் புகழ்பெற்றன. மெலடி மேக்கர் 2000இல் மறைந்தது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் 2018இல் வார அச்சை நிறுத்தியது. கல்கி இதழும் 2020இல் அச்சிலிருந்து விடைபெற்றது. பூசலை வளர்த்த தாள்கள் போய், பாட்டுகள் இருக்கின்றன.

காசநோய் அவரை நெடுநாள் அரித்துவந்தது. பொன்னியின் செல்வன் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1954 டிசம்பர் 5ஆம் நாள் சென்னையில் கல்கி காலமானார். வயது ஐம்பத்தைந்து. அலை ஓசைக்கான சாகித்திய அகாதெமி விருது 1956இல் அறிவிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் இறந்த டிசம்பரில் சென்னையின் இரண்டு மேடைகளிலும் வழக்கம்போல இசைவிழாவுக்குப் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது.